புகைக்குடிலில் முதலாளி

புகைக்குடிலின் கதவைத் திறந்த வேலையாள் முருகேசு முதலில் இருமினான்.

பிறகு அலறினான்.

தொங்கவிட்டிருந்த புகையிலைகளுக்குக் கீழே பொன்னம்பலம் முதலாளி குப்புறக் கிடந்தார். பிடரியில் இரத்தம். புகைக்காக மூட்டிய தேங்காய்ப் பொச்சுமட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன...

கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தது. ஆகவே, தவறி விழுந்தார் என்று சொல்லித் தப்ப யாருக்கும் வழியில்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு, மாசி மாதம். முதலாளியின் சுருட்டுக் கொம்பனியை விலைக்குக் கேட்டு ஓர் அமெரிக்கக் கொம்பனி இணுவிலுக்கு ஆள் அனுப்பியிருந்தது. முதலாளி முடியாது என்றார். தம்பி பரமலிங்கம் விற்போம் என்றான். முந்தின நாள் சுருட்டுக் கொட்டிலில் இருவரும் போட்ட சத்தத்தில், தொழிலாளருக்குப் பேப்பர் வாசிக்கிறவரே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நீக்கிலாப்பிள்ளைக்கு அது போதுமாயிருந்தது. குருநகர்க்காரர், கத்தோலிக்கர். வந்த வேகத்தில் பரமலிங்கத்துக்கு விலங்கு மாட்டினார்.

முதலாளியின் மனைவி மீனாம்பிகை முற்றத்துக் கதிரையில் இருந்தாள். புகை போடும் நாள்களில் அவர் இரவில் குடிலடியிலேயே தங்குவார் என்பதால் அவள் தேடியிருக்கவில்லை. அழுகை வரவில்லை. யாரோ தந்த தேத்தண்ணீர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. புருஷன் செத்தது விளங்கியது. ஆனால் உடம்பில் எங்கேயும் ஏறவில்லை.

அந்த விலங்கு மட்டும் உறைத்தது. தாயில்லாமல் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன் பரமலிங்கம். அவனும் போனால் இந்த வீட்டில் அவளுக்கு ஒருவரும் இல்லை.

"மச்சாள்... நான் செய்யேல்லை," என்றான் அவன்.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை," என்றார் இன்ஸ்பெக்டர். "மனேச்சர், நீர் கண்டதைச் சொல்லும்."

மனேச்சர் அருளம்பலம் தொண்டையைச் செருமினார். கொம்பனியைக் கட்டி மேய்க்கிறவர் அவர்தான்.

"என்ரை வாயாலை சொல்லக்கூடாது ஐயா. எண்டாலும் முதலாளியின்ரை உப்பைத் திண்டனான். காலமை நான் கந்தசாமி கோயில் வெளிவீதியிலை நிக்கேக்கை இவர் ஓடி வந்தார். உடுப்பெல்லாம் புகை மணம். உள்ளை போய்க் கும்பிட்டவர்."

"பாவம் போகக் கும்பிட்டிருக்கிறார். ஜீப்பிலை ஏத்துங்கோ."

மீனாம்பிகை தலையை நிமிர்த்தினாள்.

"மாசி மாசத்திலை புகை மணக்காத உடுப்பு இணுவிலிலை ஆரிட்டை இருக்கு? அதை விடுவம். மனேச்சர், நீங்கள் ஏன் வெளியிலை நிண்டனீங்கள்?"

"என்னம்மா?"

"வெள்ளிக்கிழமை. தலை இன்னும் ஈரம். முழுகிப்போட்டுக் கோயில் வாசல் மட்டும் போனனீங்கள். ஏன் உள்ளை போகேல்லை?"

"கால்... கால் நோவு."

"கால் நோவோடை வெளிவீதியிலை நிக்கலாமோ?"

அருளம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

இன்ஸ்பெக்டர் பொறுமையிழந்தார். "அம்மா, இதென்ன கதை?"

"ஐயா, நீங்கள் வேதக்காரர். எங்கடை சமயத்திலை ஒராள் செத்தால் சொந்தத்துக்குத் துடக்கு, தீட்டு. கோயிலுக்குள்ளை கால் வைக்கேலாது. தம்பி உள்ளை போனவன். தமையன் செத்தது அவனுக்குத் தெரியாது."

"உவர்?"

"உவருக்குத் தெரியும். பூசை முடிஞ்ச பிறகுதான் முருகேசு கதவைத் திறந்தவன். அதுக்கு முன்னமே உவருக்குத் தெரியும்."

"உவர் பிறத்தியார்தானே. முழுகினால் துடக்குப் போயிடுமெண்டு கேள்விப்பட்டிருக்கிறன்."

"ஓம். பிறத்தியாருக்குப் போயிடும். இரத்த உறவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் போகாது."

மீனாம்பிகை அருளம்பலத்தின் பக்கம் திரும்பினாள்.

"இவரின்ரை தகப்பன், என்ரை மாமாவைப் பற்றி ஊர் குசுகுசுத்தது. நான் நம்பேல்லை..." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "என்ரை புருஷனுக்கு நீங்கள் என்ன முறை, மனேச்சர்?"

அருளம்பலம் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

"அண்ணை," என்றார். "மூத்த பிள்ளை நான்தான். நேற்றுப் பின்னேரம் அதைச் சொல்லிப் பங்கு கேட்டன். கொட்டிலிலை புகையிலைக் காம்பு கிழிக்க வந்தவளின்ரை பிள்ளைக்குப் பங்கோ எண்டு சிரிச்சான். விறகுக்கட்டை பக்கத்திலை கிடந்தது... அடிச்சுப்போட்டுக் கொண்டியைப் போட்டன்."

"தம்பியையும் மறியற்சாலைக்கு அனுப்பினால் கொம்பனி உம்மடை கையிலை. என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் தலையாட்டினார்.

விலங்கு கை மாறியது. பரமலிங்கம் மீனாம்பிகையின் காலடியில் விழுந்து அழுதான். அவன் தலையில் கையை வைத்தாள். அந்தக் கை இன்னும் மரத்துத்தான் இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

ஜீப்பில் ஏறிய இன்ஸ்பெக்டர், பக்கத்தில் குனிந்திருந்த அருளம்பலத்தைப் பார்த்தார்.

"நீர் எங்கடை வேதத்திலை பிறந்திருக்கவேணும் மனேச்சர். சுவாமியாரிட்டைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு, முன்வாங்கிலையே இருந்து பூசை கண்டிருக்கலாம்!"