கரையேறாத குரல்

பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்து ஓய்வுபெற்ற பொன்னுராஜ், 1993 ஐப்பசியில் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு வெள்ளக் காவல் அறைக்கு வேலைக்கு வந்தார். மனைவி போனபின் ராஜபாளையத்து வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. இங்கேயும் மலையும் மரமும்தான். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கடலில் புயல் என்றால் மெட்ராஸ் வானிலை ஆபீஸ் சொல்லும். கலெக்டர் ஆபீஸ் வழியாக ஊர் ஊராகத் தகவல் போகும். மலைமேல் திடீரென்று கொட்டும் மழை மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதை இங்கிருந்துதான் வயர்லெஸ் செட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். மைக் கட்டிய ஜீப் ஆற்றங்கரைக்கு ஓடும்.

கூட்டிவந்த வனக்காவலர் சிவனாண்டி அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே சொன்னார்.

"முன்னால இருந்த சோணைமுத்து போன வருசம் வெள்ளத்துல போயிட்டாரு அண்ணாச்சி. இடி விழுந்து செட்டு செத்துப்போனது தெரியாம, கடைசி வரைக்கும் அதுல கத்திக்கிட்டே இருந்திருக்காரு. எதிர்க்கரையில நின்னவிய கேட்டிருக்காவ. உடம்பு கிடைக்கல."

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். சுள்ளென்று வெயில். ரேடியோவில் வறண்ட வானிலை என்றார்கள். பொன்னுராஜ் சோற்றில் கை வைத்தபோது, கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் ஒரேயடியாக நின்றன. அறைக்குள் சேற்று வாடை அடித்தது.

செட்டு கரகரத்தது.

"தண்ணி வருது... ஆத்துக்குள்ள ஆளு இருக்கு..."

மூச்சுக்கு மூச்சு தண்ணீரை விழுங்கும் குரல்.

அவர் செட்டின் சுவிட்சைப் பார்த்தார். போடவே இல்லை.

வெளியே ஓடி மலையைப் பார்த்தார். மேகம் ஒரு துண்டுகூட இல்லை. கீழே காய்ந்த ஆற்று மணலில் பெண்கள் ஊற்று தோண்டிக்கொண்டிருப்பார்கள், ஆடுகள் மேயும். பொய்த் தகவல் கொடுத்தால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள். உள்ளே அந்தக் குரல் அழ ஆரம்பித்தது.

ஓடிவந்து சுவிட்சைப் போட்டார்.

"வெள்ளம் வருது. ஆத்துல இருக்க ஆளுகள வெளியேத்துங்க. ஓவர்."

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் கிருபாபாய். "இங்க நல்ல வெயிலடிக்கி. கலெக்டர் ஆபீஸ்ல இருந்தும் தகவல் இல்லையே. யாரு சொன்னா அண்ணாச்சி?"

செத்துப்போனவர் என்று எப்படிச் சொல்வது?

"நாந்தான் சொல்லுதேன். ஜீப்ப விடு தாயி!"

ஜீப் போனது. மைக் சத்தம் கேட்டுப் பெண்கள் திட்டிக்கொண்டே குடத்தோடு கரையேறினார்கள். கடைசி ஆடு ஏறியதும் மலைக்குள்ளிருந்து ஓர் உறுமல். மரங்களைப் புரட்டிக்கொண்டு செந்தண்ணீர் இறங்கியது. அவர்கள் தோண்டிய ஊற்றும் இல்லை, மணலும் இல்லை.

பொழுது சாயும்போது கிருபாபாய் கூப்பிட்டாள். "உள்மலையில பேய்மழையாம். ஒரு உசுரும் போகல அண்ணாச்சி. எல்லாரும் கரையேறிட்டாவ."

பொன்னுராஜ் செட்டை அணைத்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வெறும் அறையைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"எல்லாரும் ஏறியாச்சு, சோணைமுத்து."

வெகுநேரம் ஆற்றிரைச்சல் மட்டும்.

பிறகு சாத்திய கதவுக்கு வெளியே, மிக அருகில்:

"நான் இன்னும் ஏறலயே..."

அவர் அசையவில்லை. பயத்தோடு தாழ்ப்பாளைப் பார்த்தார்; போட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தனிமை அவருக்குத் தெரிந்ததுதான். எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

யாரும் இல்லை.

வாசற்படியில் ஓர் ஈரக் கால்தடம் பதிந்தது.

அடுத்தது, அறைக்குள்.