அப்பாவின் பச்சை பாட்டில்

சுருளியாண்டியின் மைக் செட் ஆட்டோ ஒரு தெருவுக்குள் நுழைந்தால் போதும், வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"யாரு?"

யார் இறந்துபோனார்கள் என்று அர்த்தம். மேலக்கரைப்பட்டியில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் ஊருக்குச் சொல்வது சுருளியாண்டியின் குரல்தான். திருவிழா, துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன ஆடு எல்லாவற்றையும்கூட அவர்தான் சொல்வார். ஆனால் என்ன செய்வது? அவர் சொன்னால் ஆடு காணாமல் போன செய்தியும் ஆட்டின் இழவுச் செய்தி மாதிரியே இருக்கும்.

அந்தக் குரல் இப்போது ஒரு வாரமாகத் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

"பொதுமக்கள் அனைவரும் தெருமுனையில் புதிதாக அமைக்கப்பட்டுள்ள குழாய்களில் வழங்கப்படும் பாதுகாக்கப்பட்ட குடிநீரைப் பருகுமாறும், கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே பயன்படுத்துமாறும் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அவர் மகள் யுவராணிக்கு இது மனப்பாடம். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஊரில் மஞ்சள் காமாலை பரவியதால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அம்மா விடியும் முன்பே ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவாள். அதனால் யுவராணி அப்பாவோடு ஊரைச் சுற்றினாள்.

பெருமழையில் சாக்கடைக் குழாய் உடைந்து, அந்த நீர் ஊர்க் கிணற்றில் கலந்ததால் வந்த வினை இது. கிணற்றைப் பூட்டினார்கள். மறுநாளே பூட்டைக் காணோம்.

ஊருக்குக் கீழே, தென்னந்தோப்பை ஒட்டி, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே அந்த நீரை இன்னும் பல தடவை சுத்தம் செய்து, சோதித்து, குடிநீராகப் புதுக் குழாய்களில் விட்டிருந்தார்கள். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அப்பாவிடம் மைக்கில் வாசிக்கக் கொடுத்த பேப்பரில் எழுதவில்லை.

ஊருக்குத் தெரியாமல் போகுமா? டீக்கடை வைகுண்டராஜ், "அது நம்ம சாக்கடைத் தண்ணிதான்யா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவ்வளவுதான். புதுக் குழாய்த் தண்ணீரில் எருமை மாடுகள் சுகமாகக் குளித்தன. மனிதர்கள் கிணற்றுக்கே போனார்கள்.

யுவராணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய தோழி கயல், காமாலை வந்து தேனி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் எந்தத் தண்ணீரைக் குடிப்பாள்?

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். கயலின் அம்மா பஞ்சம்மாள் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதைப் பார்த்ததும் யுவராணிக்குப் பாதி உயிர் வந்தது.

"கொதிக்க வச்சுத்தான் குடிக்கீகளா அத்தே?"

"பின்ன? பட்டும் புத்தி வரலன்னா எப்படி?" என்றபடி பஞ்சம்மாள் ஒரு செம்பில் வெந்நீரை மொண்டாள். அப்புறம் பக்கத்துக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றினாள். விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "இந்தா, வெதுவெதுன்னு இருக்கு. குடி."

யுவராணி செம்பை வாங்கவில்லை. "குடத்துல இருக்கது எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"பச்சத் தண்ணியா?"

"வெந்நியில விளாவிட்டேன்ல? அப்படியே குடிச்சா நாக்கு என்னத்துக்கு ஆகும்? உங்கப்பா கொதிக்க வைக்கச் சொன்னாக, வச்சேன். விளாவக் கூடாதுன்னு மைக்குல சொன்னாகளா?"

சொல்லவில்லைதான். குளிக்கிற வெந்நீரோ குடிக்கிற வெந்நீரோ, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவது அந்த ஊரில் கை தானாகச் செய்கிற வேலை. பேப்பர் எழுதியவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

"விளாவுனா திரும்பவும் கிருமி உள்ள போயிரும் அத்தே. ஆற வச்சுக் குடுங்க. இல்லன்னா புதுக் குழாயில புடிச்சுக் குடுங்க."

பஞ்சம்மாளின் முகம் கோணியது. "அந்தத் தண்ணியா? ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. உங்கப்பா அதக் குடிக்காகளா?"

யுவராணி வாசலுக்கு வெளியே நின்ற ஆட்டோவைப் பார்த்தாள்.

"தெருவே பாத்துச்சுடி. தொண்ட காஞ்சா அண்ணே சீட்டுக்குக் கீழ இருந்து ஒரு பச்சை பாட்டில எடுப்பாக. அது பொட்டிப்புரத்துல உங்க சித்தப்பா தோட்டத்து போர்த் தண்ணி. ஊருக்கு ஒரு தண்ணி, அவுகளுக்கு ஒரு தண்ணியா?"

யுவராணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பி வந்து ஆட்டோவில் ஏறினாள். வண்டி தெருவைத் தாண்டியதும் சீட்டுக்குக் கீழே கையை விட்டாள். பச்சை பாட்டில் இருந்தது.

"அப்பா, நீங்க புதுத் தண்ணி குடிச்சிருக்கீகளா?"

சுருளியாண்டி ஹாரன் அடித்தார். எதிரே ஒரு கோழிகூட இல்லை.

"கேக்குறேன்ல?"

"நெனச்சாலே கொமட்டுது ஆத்தா" என்றார் மெதுவாக. "எழுதிக் குடுக்காக, வாசிக்கேன். நான் என்ன செய்ய?"

"சாயங்காலம் கயல் வந்துருவா. அத்தை அந்தக் கிணத்துத் தண்ணியத்தான் விளாவிக் குடுக்கப் போகுது. நீங்க குடிக்காதத நாங்க ஏன் குடிக்கணும்னு கேக்குது. நான் என்ன சொல்லட்டும்?" யுவராணியின் குரல் உடைந்துவிட்டது. "கயலுக்குத் திரும்ப வந்துச்சுன்னா?"

சுருளியாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சரி, இப்ப என்ன செய்யலாங்கிற?"

"அத எப்படிச் சுத்தம் பண்றாகன்னு போய்ப் பாப்போம்."

நிலையத்தின் கேட்டைத் திறந்தவர் முத்துலட்சுமி. அங்கே பொறியாளர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "யாராவது வந்து கேக்க மாட்டாகளான்னு ஒரு வாரமா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். வாங்க."

முதல் தொட்டியில் கருகருவென்று சாக்கடை நீர் கிடந்தது. சுருளியாண்டி மூக்கைப் பிடித்தார். அடுத்த தொட்டியில் அழுக்கு அடியில் படிந்தது. அதற்கடுத்ததில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மிச்ச அழுக்கைத் தின்றுகொண்டிருப்பதாக முத்துலட்சுமி சொன்னார். பிறகு நீண்ட குழாய்கள். அவற்றுக்குள்ளே நீரை வடிகட்டும் சவ்வுகள்.

"இந்தச் சவ்வுல இருக்க ஓட்டைக்குள்ள கிருமி நுழைய முடியாது. நாம ஊசிக் காதுக்குள்ள நுழையப் பாக்குற கதைதான். அதத் தாண்டியும் ஏதாவது தப்பிச்சு வந்தா, இந்தப் புற ஊதா விளக்கு ஒரு வழி பண்ணிரும்."

பேசிக்கொண்டே கடைசிக் குழாயில் டம்ளரைப் பிடித்து மடக்கென்று குடித்தார். யாருக்கும் காட்டுவதற்காகக் குடிக்கவில்லை. தொண்டை காய்ந்தது, குடித்தார். யுவராணி அதைக் கவனித்தாள். சுருளியாண்டியும் கவனித்தார், மூக்கை இன்னும் பிடித்தபடியே.

"அக்கா, இம்புட்டு வேலை நடக்குதுன்னு ஏன் பேப்பர்ல எழுதல?"

"சாக்கடைன்னு சொன்னா யாரும் குடிக்க மாட்டாகன்னு விட்டுட்டோம்."

"சொல்லாம விட்டதாலதான் யாரும் குடிக்கல" என்றாள் யுவராணி.

முத்துலட்சுமி தலையைச் சொறிந்துகொண்டார்.

யுவராணி பச்சை பாட்டிலை எடுத்துவந்து தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். "ஏ ஆத்தா, நல்ல தண்ணி அது" என்று பதறினார் சுருளியாண்டி. அவள் காதில் வாங்காமல் கடைசிக் குழாயில் பாட்டிலை நிரப்பினாள்.

"குடிங்கப்பா."

"இங்கனயா?"

"இங்கன வேண்டாம். நம்ம தெருவுல வச்சுக் குடிங்க. அக்கா, நீங்களும் வாரீகளா?"

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல வாசல்கள் நிரம்பின.

"யாரு?" என்றார் டீக்கடையிலிருந்து வைகுண்டராஜ்.

"யாருமில்ல மச்சான், நான்தான்" என்றார் சுருளியாண்டி மைக்கில். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒரு வாரமா உங்களக் குடிக்கச் சொல்லிட்டு, நான் குடிக்கல. கொமட்டுச்சு. அதான் உண்மை. இன்னைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இப்பவும் லேசாக் கொமட்டத்தான் செய்யுது. ஆனாலும் குடிக்கப் போறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட்டிலைக் கவிழ்த்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மடக், மடக் என்று அவர் விழுங்குகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கடைசியில் ஓர் ஏப்பம், கடைசி வீடு வரைக்கும் போயிற்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சுருளியாண்டி ஒரு கண்ணைத் திறந்தார். "தண்ணி மாதிரிதான்யா இருக்கு" என்றார் ஆச்சரியமாக.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் வைகுண்டராஜ். "அது சாக்கடைத் தண்ணின்னு நான் சொன்னது பொய்யா, நெசமா?"

யுவராணி மைக்கை வாங்கினாள்.

"நெசந்தான் மாமா. சாக்கடையில இருந்துதான் வருது." "ஆனா ஆத்துத் தண்ணி மட்டும் என்ன? கூடலூர்ல குளிக்காக, கம்பத்துல துவைக்காக, உத்தமபாளையத்துல மாடு கழுவுதாக. எல்லாம் கலந்து ஊறித்தான் நம்ம கிணத்துக்கு வருது. அதத்தான இம்புட்டு நாளும் குடிச்சோம்? எங்க இருந்து வருதுங்கிறத விட, எப்படிச் சுத்தம் பண்ணாகங்கிறதுதான முக்கியம்?" பார்த்த தொட்டிகளை, சவ்வை, விளக்கை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வைகுண்டராஜ் விடவில்லை. "நாளைக்கு அங்கனயும் ஏதாவது உடைஞ்சு கலந்துட்டா?"

இதற்கு முத்துலட்சுமி பதில் சொன்னார். "தினமும் சோதிக்கிறோம். சரியில்லன்னா அன்னைக்குக் குழாயில தண்ணி வராது. ஏன் வரலன்னு மறைக்காம இதே மைக்குல சொல்லுவோம். சந்தேகம்னா யார் வேணும்னாலும் வந்து பாருங்க. கேட்டத் திறந்தே வைக்கிறேன்."

"அந்த மைக்க இங்க குடுங்க" என்று பஞ்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள பிழைச்சு வருது. அவளுக்கு இதக் குடுக்கலாமா? உங்க புள்ளையா இருந்தா குடுப்பீகளா?"

"நான் என் மகளுக்கு இதத்தான் குடுக்கிறேன்" என்றார் முத்துலட்சுமி. "நோய்ப்பட்ட உடம்பு. மனசு கேக்கலன்னா இதையும் கொதிக்க வச்சே குடுங்க."

"கொதிக்க வச்சு, ஆற வச்சு" என்று யுவராணி எட்டி மைக்கில் சொன்னாள். "பச்சத் தண்ணி ஊத்தி விளாவாதீக."

வாசல்களில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோணையம்மாள் என்பவள் வேகமாக வீட்டுக்குள் போய், விளாவி வைத்திருந்த ஒரு தூக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து சாக்கடையில் கொட்டினாள். பின்னாலேயே இன்னும் சிலர் கொட்டினார்கள். பஞ்சம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக் குடத்தையும் கவிழ்த்துவிட்டு, அதைத் தேய்த்துக் கழுவி இடுப்பில் வைத்துக்கொண்டு புதுக் குழாயைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கயலையும் அவள் அப்பாவையும் அழைத்துவர ஆட்டோ போனது. திரும்பித் தெருவுக்குள் வரும்போது சுருளியாண்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கை எடுத்தார்.

"நமது மேலக்கரைப்பட்டியைச் சேர்ந்த பஞ்சம்மாள் அவர்களின் அன்பு மகள் கயல் அவர்கள்..."

தெரு முழுக்க அப்படியே நின்றுவிட்டது. வைகுண்டராஜின் கையிலிருந்த டீ சிந்தியது.

"...இன்று மாலை நலமுடன் வீடு வந்து சேர்ந்தார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

"அப்பா, அந்த ராகத்துல சொல்லாதீக" என்று யுவராணி மைக்கைப் பிடுங்கினாள். "எல்லாருக்கும் உசிரு போயிருச்சு."

கயல் மெலிந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் லேசாக இருந்தது. இறங்கியதும், "அம்மா, தாகமா இருக்கு" என்றாள்.

புதுக் குழாயில் பிடித்து, கொதிக்க வைத்து, ஆற வைத்த தண்ணீரைப் பஞ்சம்மாள் டம்ளரில் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர் வீட்டுக்காரர்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கயலின் வாயையே பார்த்தார்கள்.

கயல் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"எதுக்கு எல்லாரும் இப்படிப் பாக்குறீக? தண்ணிதான?"

பஞ்சம்மாள் யுவராணியைப் பார்த்தாள். "இது விளாவாதது, குடி" என்று இன்னொரு டம்ளர் ஊற்றி அவளிடம் நீட்டினாள்.