ஏழாவது கூடைக் குளம்

தாமல் ஏரியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் உள்ளே, முன்பு வேர்க்கடலை விளைந்த நிலத்தில் அந்த விளையாட்டுத் திடல் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. சனி, ஞாயிறுகளில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிப் பிள்ளைகள் வந்து கத்திக் கூச்சல் போட்டு விளையாடிவிட்டுப் போவார்கள். ஏழாவது கூடைக்கு முன்னால் ஒரு குளம். அதைத் தாண்டி வீசத் தெம்பில்லாதவர்களின் தட்டெல்லாம் அதில்தான் விழும்.

விழுந்ததை எடுப்பது பிரவீனாவின் வேலை.

முப்பத்தொரு வயது. தாமல் ஏரியில் நீந்தி வளர்ந்தவள். தட்டெடுக்கக் கண் தேவையில்லை, கால் போதும். சேற்றில் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். உள்ளங்காலில் வட்டமாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டால், கட்டைவிரலால் நெம்பிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். தட்டின் அடியில் சொந்தக்காரரின் பேரும் போன் நம்பரும் அழியாத மையில் எழுதியிருக்கும். வரவேற்பறையில் வேலை பார்க்கும் கீர்த்தி, அதைத் துடைத்து, அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வாள்.

திடலில் இருந்த மற்ற இரண்டு குளங்களிலும் பிரவீனா பலமுறை இறங்கியிருக்கிறாள். ஏழாவது, அவளுக்கு முன்பு இருந்த சபாபதியின் பொறுப்பு. இனி அதில் இறங்கமாட்டேன் என்று சொல்லி அவர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார்.

அன்று திங்கட்கிழமை, திடலுக்கு விடுமுறை. பன்னிரண்டு மணி வெயிலில் பிரவீனா ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டாள். கீர்த்தி துணைக்கு வந்து கரையில் நின்றாள். பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், இருபத்திரண்டு வயது, தண்ணீர் என்றாலே பயம்.

"ஆழமாக்கா?"

"மார் மட்டுந்தான்னு மேனேஜர் சொன்னாரு. இந்த வெயில்ல இன்னும் வத்திக்கும்."

"சபாபதி அண்ணா ஏன்க்கா இதுல மட்டும் எறங்கமாட்டேன்னாரு?"

"நீச்சல் தெரியாதுன்னு பயமா இருக்கும்."

"அவருதான் உங்களுக்கே நீச்சல் சொல்லிக் குடுத்தாருன்னு சொன்னீங்க."

பிரவீனா தண்ணீரில் கால் வைத்தாள்.

மேல்தண்ணீர் சூடாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருந்தது. சேறு வழவழவென்று கணுக்காலை மூடியது. இருபதடி உள்ளே போவதற்குள் இடுப்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. அங்கே முதல் தட்டு அகப்பட்டது. ஆரஞ்சு நிறம். எத்தனையோ மாதம் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அதன்மேல் பாசி பிடிக்கவில்லை. யாரோ அடிக்கடி துடைத்து வைத்ததைப் போல இருந்தது.

அதைக் கரைக்கு வீசினாள். கீர்த்தி திருப்பிப் பார்த்தாள்.

"லோகேஷ்னு போட்டுக்குதுக்கா. நம்பர் நல்லா தெரியுது. இங்க டவர் இல்ல. கேட்டாண்ட போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

தட்டோடு மேட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் மறைந்தாள்.

பிரவீனா தனியாக நின்றாள். நல்ல உச்சி வெயில். கொஞ்சம் முன்பு வரை தண்ணீர்மேல் சுற்றிக்கொண்டிருந்த தும்பிகளைக் காணவில்லை. வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த காகமும் வாயை மூடிக்கொண்டது. ஈரத்துணியை வாளியில் போட்டு நாள்கணக்காக மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அந்த வாடை தண்ணீரிலிருந்து மெல்ல எழும்பியது.

கையில் அப்பியிருந்த சேற்றை அலசக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

உள்ளங்கையில் ஒரு தட்டு வந்து அமர்ந்தது.

மிதந்து வந்து மோதவில்லை. பரிமாறுகிறவர் இலையில் அப்பளம் வைப்பதுபோல, பதமாக, யாரோ வைத்தார்கள்.

தட்டை மேலே எடுத்தாள். நீலம். அடியில் ஏதோ ஒரு பேர். சேறு இடித்துத் தள்ளியிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வலைப்பையில் போட்டாள். இன்னொரு கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

இன்னொன்று வந்தது.

இம்முறை தட்டின்மேல் எதுவோ இரண்டுமுறை தட்டியது. டொக், டொக். தண்ணீருக்குள் அந்த ஓசை அவள் எலும்பில் கேட்டது. கடைக்காரரிடம் ஒன்றைக் காட்டி, இதுவா என்று கேட்பதைப் போல இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தட்டு கீழே போனது. திரும்பிக் கரையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்தாள்.

கால் வரவில்லை.

சேறுதான், சேறுதான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இடது காலை மெல்ல உருவினாள். சேறு என்றால் வழுக்கிக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. கணுக்காலைச் சுற்றி நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். இறுக்கமான பிடியும் இல்லை. கருடசேவைக் கூட்டத்தில் உடன் வந்தவர் தொலைந்துவிடக் கூடாதென்று கையைப் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

இழுக்க இழுக்க அவள்தான் இறங்கினாள். தண்ணீர் இடுப்பிலிருந்து மாருக்கு வந்தது. பாதத்துக்கு முன்னால் தரை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெறும் குளிர். அந்தக் குளிர் வெகு ஆழத்திலிருந்து வந்தது.

"கீர்த்தி!"

குரல் மேட்டைத் தாண்டவில்லை.

அவள் கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. தட்டு இப்போது வயிற்றில் வந்து இடித்தது. டொக், டொக். பிறகு விலாவில் இன்னொன்று. முதுகில் ஒன்று. எத்தனையோ மாதமாக விழுந்த தட்டெல்லாம் ஒவ்வொன்றாக அவள்மேல் வந்து இடித்துக் காத்திருந்து, பதில் வராமல் நழுவிப் போயின. ஒவ்வொரு முறையும் தட்டுகிற வேகம் கூடியது. பிடியும் கூடியது.

தண்ணீர் தோளுக்கு வந்தது.

பதறினால் முழுகிவிடுவோம் என்று தெரிந்து அவள் அசையாமல் நின்றாள். கரை இருபதடி. ஸ்கூட்டி தெரிகிறது. கண்ணாடியில் சூரியன் மின்னுகிறது. கூப்பிடு தூரத்தில் பட்டப்பகல். வீட்டில் இந்நேரம் மாமியார் அடுப்பை அணைத்திருப்பார், மகள் தேவிப்ரியா பள்ளிக்கூடத்தில் டிபன் டப்பாவைத் திறந்திருப்பாள். இதையெல்லாம் நினைத்தபடி அவள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள். கண்ணிலிருந்து வழிந்தது தண்ணீரோடு சேர்ந்துகொண்டது.

மேட்டின்மேல் கீர்த்தியின் தலை தெரிந்தது. ஓடி வந்தாள். பிரவீனாவின் தலை மட்டும் தெரிவதைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனாள்.

"வராத! கால வெக்காத! அங்கியே நில்லு!"

"அக்கா, இன்னாக்கா ஆச்சு?"

"கால புடிச்சிக்கினு இருக்குது... சேறு இல்ல கீர்த்தி. கை."

கீர்த்தி ஆரஞ்சுத் தட்டை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா... அந்த நம்பர ஒரு அம்மா எடுத்தாங்க. தில்லையம்மாள்னு பேரு. லோகேஷோட அம்மா. தட்டு கெடச்சிருக்குதுன்னேன். அவன் எங்கன்னு கேக்கறாங்க."

"இன்னா சொல்ற?"

"கார்த்திகை மாசம் இங்க வந்தாராம். சாயங்காலம் கேட்டாண்ட வந்து போன் பண்ணி, தட்டு தண்ணியில வுழுந்துடுச்சும்மா, எடுத்துக்கினு வந்துடறேன்னு சொன்னாராம். அதோட வூட்டுக்கு வரவே இல்லியாம். ஆறு மணிக்கு வெளிய போயிட்டாருன்னு நம்ம ரிஜிஸ்டர்ல இருக்குதுன்னு போலீஸே சொல்லிடுச்சாம். யாராவது கூப்புடுவாங்கன்னு புள்ளையோட நம்பர்லயே வேற சிம் வாங்கி வெச்சிக்கினு இருக்காங்க."

அந்த ரிஜிஸ்டரை பிரவீனா அறிவாள். கேட்டில் இருக்கும் ராஜவேலு, ஆறு மணி ஆனதும் எல்லோர் பேருக்கு எதிரிலும் வெளியே என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார். யார் போனார்கள், யார் போகவில்லை என்று பார்க்கமாட்டார்.

தாடையின் கீழ் ஒரு தட்டு வந்து இடித்தது. டொக், டொக், டொக்.

இதுவா. இதுவா. இதுவா.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருட்டில், சேற்றில், அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். பேரைப் படிக்க வெளிச்சம் இல்லை. அவன் தேடுவதை அவள்தான் எடுத்துக் கரையில் போட்டுவிட்டாள்.

"கீர்த்தி, அந்தத் தட்ட இங்க வீசு!"

"எனக்கு வீசத் தெரியாதுக்கா."

"கிட்ட வுழுந்தா போதும். வீசு!"

கீர்த்தி வீசினாள். தட்டு காற்றில் சாய்ந்து, கரையோரக் கோரையிலேயே விழுந்தது. அவள் அழுதுகொண்டே குனிந்தாள். எடுக்க வேண்டுமானால் கணுக்கால் தண்ணீரில் நனைய வேண்டும்.

கோரை அசைந்தது. காற்றே இல்லை.

"கால வெக்காத, கம்பால இழு!" என்று கத்தும்போது பிரவீனாவின் வாய்க்குள் தண்ணீர் போனது. புளிப்பும் துருவும் கலந்த தண்ணீர். முகத்தை வானத்துக்குத் திருப்பி மூக்கால் மூச்சு விட்டாள். காதுகள் முழுகிவிட்டன. உள்ளே தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நிற்காமல், பொறுமையே இல்லாமல், கதவைத் தட்டுகிற மாதிரி.

கீர்த்தி வேப்பங்கிளையால் தட்டைக் கரைக்கு இழுத்தாள். எழுந்து, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைத் திருப்பி வீசினாள்.

ஆரஞ்சு நிறம் பிரவீனாவின் கண்ணுக்கு மேலே வானத்தைக் கடந்து போனது. பின்னால் சளக்கென்று விழுந்தது.

தட்டுகிற சத்தம் நின்றது.

பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக.

அவள் எப்படிக் கரைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நீந்தினாளா, நடந்தாளா என்று கேட்டால், கடைசிவரை காலால் சேற்றை மிதித்துத்தான் வந்தேன் என்று மட்டும் சொன்னாள். கரையேறியதும் கீர்த்தி அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் மேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போலீசும் தீயணைப்புக்காரர்களும் வந்தார்கள். இரண்டு மோட்டார் வைத்து இறைத்தார்கள். புதன்கிழமை காலை குளம் வற்றியது. நடுவில், கல் கட்டிய ஒரு பழைய பாசனக் கிணறு வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. திடல் போட்டவர்கள் அதை மூடாமல், அதைச் சுற்றியே வெட்டிக் குளமாக்கியிருந்தார்கள். மேனேஜர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜவேலு கேட்டருகில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் ஆறு மணின்னு எழுதறதுதாம்மா பழக்கம்," என்று பிரவீனாவிடம் சொன்னார். "அந்தப் புள்ள போச்சா இல்லியான்னு நான் பாக்கவே இல்லம்மா."

கிணற்றையும் இறைத்தார்கள். கல் இடுக்கில் மாட்டிய ஒற்றை ஷூ கிடைத்தது. இடது கால் ஷூ. தோள்பை ஒன்று கிடைத்தது. செய்தி கேட்டு வந்து கரையில் நின்றிருந்த தில்லையம்மாள் அதைப் பார்த்ததுமே அடையாளம் சொன்னார்.

லோகேஷ் கிடைக்கவில்லை. எலும்புத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. அடிப்பாறை தெரியும்வரை இறைத்த தீயணைப்புக்காரர் இரண்டுமுறை இறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

கீர்த்திதான் முதலில் பார்த்தாள். பிரவீனாவின் கையைப் பிடித்துக் கீழே காட்டினாள்.

வற்றிய சேற்றில் கால்தடங்கள் அச்சு வார்த்ததுபோல இருந்தன. கரையிலிருந்து உள்ளே போகிற தடம் ஒரு வரிசை. வெறுங்கால், பிரவீனாவுடையது. கிணற்று விளிம்புக்கு அரை அடி முன்னால் அது நின்றிருந்தது.

அங்கிருந்து கரைக்குத் திரும்புகிற தடம் இரண்டு வரிசை.

ஒன்று அவளுடையது. மற்றது அவளை ஒட்டியே, தோளோடு தோள் உரசுகிற நெருக்கத்தில், கிணற்று விளிம்பிலிருந்து கிளம்பியிருந்தது. வலது கால் ஷூ போட்ட கால். இடது கால் வெறுங்கால். இரண்டும் ஒரே சீராகக் கரையேறிப் புல்லில் மறைந்திருந்தன.

கீர்த்தி பிரவீனாவின் கையை விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

தில்லையம்மாள் தோள்பையை மாரோடு அணைத்துக்கொண்டு கரையோரமாக வந்தார். சின்ன உருவம். தடங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பிரவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யார் காதிலும் விழாதபடி கேட்டார்.

"உங்கூடத்தானம்மா கரையேறிக்கிறான்... எங்கம்மா வுட்டுட்டு வந்த?"