கோட்டுக்குக் கீழே

காலையில் கோடு வரை நிரப்பிய டிரம், மத்தியானம் சுஜா மறுபடியும் மூடியைத் திறந்தபோது நாலு விரல் குறைந்திருந்தது. அவள் அதிலிருந்து ஒரு செம்புகூட மொண்டிருக்கவில்லை.

தாராவியில் தண்ணீர் விஷயத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. விடியற்காலை குழாயில் வருவதைப் பிடித்தால் உண்டு. விட்டால் அன்றைக்கு நாறிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதிலும் எட்டு மாதக் குழந்தை இருக்கிற வீடு. சுஜாவின் சந்தேகம் நேரே பக்கத்து வீட்டு ஷமீமாவிடம் போய் நின்றது. கடைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை ஏஞ்சலோவை அவளிடம்தான் விடுவாள், கதவையும் திறந்தே போட்டுவிட்டுப் போவாள்.

"யக்கா, வேணும்னா கேட்டு எடுக்க வேண்டியதுதான? ஆளில்லாத நேரம் பாத்து எதுக்கு மொள்ளுதிய?"

ஷமீமா வாசலுக்கு வந்தாள். "பச்சப் புள்ளைக்கு வச்ச தண்ணியில கைவைக்கிற ஆளா சுஜா நான்?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதவு இவளுக்குத் திறக்கவில்லை.

தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது.

சுஜாவின் கணவன் ரிஜோ செம்பூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எதையும் மெஷினாகத்தான் பார்ப்பான். "சண்ட போட்டா ஃபால்ட் கெடைக்காதுட்டி. ஒவ்வொண்ணா கழட்டிப் பாரு. எதக் கழட்டும்போது நிக்குதோ, அதான் காரணம்."

டிரம்முக்கு அடியில் பேப்பர் விரித்தார்கள், காய்ந்தே கிடந்தது. புது டிரம் வாங்கினார்கள். கதவைப் பூட்டினார்கள். ஷமீமா உல்லாஸ்நகரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதும் குறைந்தது. சுஜா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்து பார்ப்பாள், துணியைப் பிழிந்துவிட்டு வந்து பார்ப்பாள், குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து பார்ப்பாள். பார்க்கப் பார்க்க இன்னும் வேகமாகக் குறைகிற மாதிரி இருந்தது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ரிஜோ லீவில் இருந்தான். திரும்பி வந்தவளிடம் சிரித்தபடி சொன்னான்: "இன்னைக்கி சொட்டு கொறையல. எதக் கழட்டுனோம்னு சொல்லு பாப்போம். உன்னையும் ஏஞ்சலோவையும்."

அவனுக்கு அது விளையாட்டு. சுஜா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் குழந்தையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் வீட்டில் இருந்தாள். குறைந்தது. ஷமீமாவை நினைக்க அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

இனிக் கழட்ட மிச்சமிருந்தது அவள் பார்வைதான். ஞாயிற்றுக்கிழமை அவள் டிரம்முக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ரிஜோ குழந்தையோடு வாசலில் இருந்தான். மழை விட்டும் விடாத மத்தியானம். சந்தில் சாக்கடை வாடையும் யார் வீட்டிலோ மீன் பொரிக்கிற வாடையும் கலந்து வந்தன, தகரத்திலிருந்து நீர் சொட்டியது, உள்ளே பகலிலேயே எரிந்த பல்பு லேசாக இரைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் திரும்பாமலே இருந்தாள். பிறகு எழுந்து மூடியைத் திறந்தாள்.

கோட்டில் அப்படியே நின்றது தண்ணீர்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். மூடாமல் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். கீழே அவள் முகம். தலைக்கு மேல் பல்பு.

மடக்.

சின்னச் சத்தம். ரொம்பப் பக்கத்தில்.

கோடு ஈரமாகத் தனியே தெரிந்தது. தண்ணீர் அதற்குக் கீழே போயிருந்தது.

மடக்.

சுஜா தன் தொண்டையைத் தொட்டாள். அசையவில்லை. உதடுகள் மூடியிருந்தன, வாய் வறண்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்த தொண்டை ஏறி இறங்கியது. அந்த முகம் அடியிலிருந்து நீர்மட்டத்தில் வாயை ஒட்டி வைத்திருந்தது. கண்கள் இவளையே பார்த்தன. அவள் பார்க்கிற வரைக்கும்தான் அது குடிக்கும் என்று புரிந்தது. பார்வையை எடுக்க முடியவில்லை. கூப்பிடவும் முடியவில்லை.

"என்னட்டி, இன்னைக்கி எவ்வளவு?" ரிஜோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அவளைக் கவனிக்கவில்லை. ஏஞ்சலோவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி டிரம்முக்கு மேலே நீட்டினான். "எலே மக்கா, உள்ள யாரு இருக்கான்னு பாரு."

ஏஞ்சலோ தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தான். கை இரண்டையும் கீழே நீட்டினான்.

வேண்டாம் என்று சொல்ல சுஜா வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்க வரவில்லை.

சத்தம் நின்றது. தண்ணீரிலிருந்து வாயை எடுத்தது அது. சுஜா தலையைத் திருப்பவில்லை. கீழே அவள் முகம் மட்டும் மெல்லத் திரும்பியது, அங்கே சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் பக்கம். ஈர உதடுகள் விரிந்தன.