இன்னும் ஒரு சுத்து

விடிந்ததும் விடியாததுமாகக் கங்கப்பன் பேத்தியின் வலது காதைப் பிடித்தார். ஓசூர் சிப்காட்டில் நட்டு முறுக்கியே ரிட்டயர் ஆனவர் அவர். தன் கையால் முடுக்கிய எதுவும் கழன்றதாகச் சரித்திரமே இல்லை என்பார். அந்தச் சரித்திரத்தை எழுதியவரும் அவரேதான்.

"லூசா இருக்குது. இன்னும் ஒரு சுத்து..."

தோட்டுத் திருகு திரும்பியது. கைக்குழந்தை வீறிட்டது.

"வேணாங்க மாமா! காது வீங்கிப்போய்க் கெடக்குது!" அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் மருமகள் சுமலதா.

"முப்பது வருச சர்வீசு எனக்கு. எனக்கே டைட்டு வெக்கச் சொல்லித் தர்றியா?"

காது குத்திய புதிதில் லேசாகச் சிவந்து, கசிந்து, பொருக்குத் தட்டியது. புதுப் புண் அப்படித்தான் ஆறும் என்று சுமலதாவும் சும்மா இருந்தாள். இப்போதோ மடல் தொட்டால் சுட்டது. மஞ்சளாய்ச் சீழ் வந்தது. பின்திருகு வீங்கிய சதைக்குள் பாதி புதைந்துவிட்டது. உடம்பும் அனலாய்க் கொதித்தது.

இடது காதில் தொந்தரவே இல்லை. அந்தத் திருகின் மரை ஆரம்பத்திலேயே சரியாகப் பிடிக்காததால் நூலைச் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். முடுக்க வழியில்லாத பொருளைக் கங்கப்பன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மாமியார் ஜோதியம்மாள் தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தாள். "தங்கம்னா சீழ் வெக்குமாடி? உங்க அண்ணன் பித்தளைக்கு முலாம் பூசிக் குடுத்து ஏமாத்திட்டான்!"

கல்லாவியில் ஆடு வளர்க்கும் முனீஸ்வரன், தாய்மாமன் சீருக்காகக் கிடாக்களை விற்று வாங்கிய தோடு அது. மடியில் வைத்துக் காது குத்தியபோது குழந்தையைவிட அதிகம் அழுதவன் அவன்தான். நேற்று கங்கப்பன் அவனுக்குப் போன் போட்டு, "இனிமே எங்க வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். "சரிங்க மாமா" என்றானாம். அவ்வளவுதான்!

சுமலதா கணவனைப் பார்த்தாள். யூனியன் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசும் நவீன்குமார், வீட்டில் தலையணையைத்தான் தட்டினான். "அப்பா பாத்துக்குவாரு, சுமா."

"பெத்தவ நான்... இந்தத் திருகைக் கொஞ்சம் தளத்திவிடக்கூட எனக்கு உரிமை இல்லியா?"

ஜோதியம்மாள் புண்ணின்மேல் மஞ்சளை அப்ப வந்தாள். குழந்தை துடித்தது. சுமலதா அதை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பித்தளைக் கதையை டாக்டரம்மாவுக்கு விளக்குவதற்காகக் குடும்பமே பின்னால் போனது.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, சதைக்குள்ளிருந்து திருகைத் தோண்டி எடுத்தார். வெளியே பெஞ்சில் சுமலதா முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பித்தளைங்க மேடம். அதான்..."

"ரெண்டும் ஒரே ஜோடிதானே பெரியவரே? பித்தளைன்னா இந்த இடது காதும் புண்ணாயிருக்கணுமே? புதுசா குத்துன காது வீங்கும். வீங்க எடம் விடணும். யாரு இத இப்படி முடுக்குனது?"

கங்கப்பன் மின்விசிறியின் போல்ட்டுகளைப் பரிசோதிப்பவர்போல் மேலே பார்த்தார். சுமலதாவின் கண்ணீர் கையிலிருந்த குழந்தையின் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஐயோ... என் வாயி அழுகிப்போக! உங்க அண்ணன என்னென்ன பேசிட்டேன்!" ஜோதியம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

கங்கப்பன் போனை எடுத்து எண்ணைப் போட்டார். மறுமுனையில் பதறிய குரல் எல்லோருக்கும் கேட்டது. "மாமா! பாப்பாவுக்கு எப்படி இருக்குதுங்க?"

கங்கப்பன் போனை மருமகளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா..."

சுமலதா கையை நீட்டவில்லை. "நீங்கதான் சொல்லணும் மாமா."

போனைத் திரும்பக் காதில் வைத்து, எந்தச் சரித்திரத்திலும் இல்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"முனீசு... தப்பு எம்மேலதான்டா. வலது காது ஓட்டை தூந்து மூடிக்குமாம். புண்ணு ஆறுனதும் திரும்ப உம்மடியிலதான் குத்தணும். வந்துடு... திருகையும் நீயே போடு. நான் தொடமாட்டேன்."