கண்ணாடிக்கு அப்பால் அவள் குரல்

போனில் அக்காள் அழுதுகொண்டே கத்தினாள்.

"நேத்து அவ்ளோ பேசிட்டு, இன்னைக்கு எப்படி இருக்கேன்னு கேக்குறியா? இனிமே என் வீட்டுப் பக்கம் வராதேன்னு சொன்னியே, மறந்துபோச்சா?"

"நான் நேத்து உனக்குப் போனே பண்ணலக்கா."

"கூடப் பொறந்தவ குரல் எனக்குத் தெரியாதா?"

போன் துண்டிக்கப்பட்டது. தங்கை திரும்பக் கூப்பிடவில்லை. கணவன் இறந்ததிலிருந்து எல்லாமே அவளுக்குப் பக்கத்து வீட்டில் நடப்பதுபோலத்தான் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் டப்பிங் பேசுகிறவள். இப்போது பேசுவது, ஒரு பெண்ணை நிழலாகத் தொடர்ந்து, அவளுக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராக விலக்கிவிடும் தனிமைக்காரன் ஒருவனைப் பற்றிய படம். அந்தப் பெண்ணுக்கு இவள் குரல். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி.

ஸ்டூடியோ படியேறும்போது ஒரு படக் கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டார். "எங்க படம் வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்கம்மா. உன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலன்னு ஏன் திட்டணும்? என் வயசு என்ன?"

அவள் ஏதோ சொல்வதற்குள் அவரும் வைத்துவிட்டார்.

உள்ளே ஒலிப்பதிவாளன் மட்டும் இருந்தான். எல்லாருக்கும் அவன் 'ஹெட்போன்'. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவானா என்று டைரக்டர் கேலி செய்வார். அவன் சிரிக்க மாட்டான். டைரக்டர் ஓகே சொன்ன பிறகும், "பாதுகாப்புக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாம் மேடம்" என்பான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

"டைரக்டர் வரலையா?"

"நீங்கதான் வர வேணாம்னு சொன்னீங்களாம் மேடம்."

அவளுக்கு அலுப்பாக இருந்தது. பேசும் அறைக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் கனத்த கதவு, பெருமூச்சு விட்டதுபோல மெதுவாகச் சாத்திக்கொண்டது. சுவரில் ஒட்டிய பஞ்சிலிருந்து பழைய தூசியின் மணமும் யாரோ எப்போதோ வியர்த்த மணமும் கலந்து வந்தன. தெரு, மின்விசிறி, பக்கத்து அறையின் பேச்சு என்று எதுவும் எட்டாத அந்த அமைதியில் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதே அவளுக்குக் கேட்டது.

அங்கிருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முந்தைய காட்சி திரையில் ஓடியது. கதாநாயகி வாசலில் நின்று விரலை நீட்டுகிறாள். சென்ற வாரம் இவள் பேசிய வசனம் காதில் விழுந்தது.

"இனிமே என் வீட்டுப் பக்கம் வராதே."

அந்த 'வராதே'யில் குரல் லேசாகப் பிசிறியது. நேற்று அக்காள் போனில் கேட்டது இதைத்தான்.

மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல. அதுவும் இவள் பேசியதுதான். போன வருஷப் படம். ஹெட்போன் அதை நான்கு தடவை பேசவைத்தான்.

இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவை இழுத்தாள். அசையவில்லை. போனை எடுத்தாள். இந்த அறைக்குள் என்றுமே சிக்னல் கிடைத்ததில்லை.

"கதவைத் திற."

அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"திறடா!"

அவன் மேசையில் குரலின் அளவு காட்டும் பச்சை விளக்குகள் துள்ளி அடங்கின.

"இதுதான் மேடம் என்கிட்ட இல்லாம இருந்துச்சு" என்றான், ரொம்ப மரியாதையாக. "இனிமே நீங்க பேச வேண்டியது ஒண்ணும் இல்ல."

அறையின் விளக்கு அணைந்தது.

கண்ணாடியை அறைந்தாள். முழங்கையால் இடித்தாள். வலி வந்தது. அதுவும் வேறு யாருக்கோ வந்தது மாதிரி.

அவன் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினான். இவளுக்கு முதுகு. அவள் காதிலிருந்த ஹெட்போனிலும் ஒரு பெண் குரல் கேட்டது. பழைய வசனங்களை வெட்டி ஒட்டுப்போட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா" என்றான் அவன்.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு. இப்பதான் முடிஞ்சுது."

அவள் கத்தினாள். அவன் திரும்பவில்லை. ஸ்பீக்கரை நோக்கிச் சற்றே சாய்ந்து, ஏதோ ரகசியம் சொன்னான்.

அந்தக் குரல் சிரித்தது. இவள் சிரிப்பு.

அவனும் சிரித்தான்.