எழிலரசன் இறங்கிய தேதி

வியாழன் காலை 9.10. செஞ்சியில் விண்வெளி வீரர் எழிலரசனின் நினைவு அறையைத் திறந்த ஆசிரியர் பிரசாந்த், சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் வெறுமையாகத் தொங்குவதைப் பார்த்தான். உள்ளே இருந்த அவருடைய தாயின் கருமாதிப் பத்திரிகையைக் காணோம்.

9.50. இன்ஸ்பெக்டர் வெண்மதி வந்தாள். பூட்டு உடையவில்லை. வெள்ளிப் பதக்கமும் கைக்கடிகாரமும் வைத்த இடத்தில் இருந்தன. பன்னிரண்டு வருடத்துப் பழங்காகிதம் மட்டும் போயிருந்தது.

தாய் வள்ளியம்மாள் கண்மூடிய நேரத்தில் மகன் விண்ணில் இருந்தார், செஞ்சிக்கு மேலே கடக்கும்போதெல்லாம் கைகூப்பினார் என்பது ஊரே அறிந்த கதை. தன் தாய் இறந்த அன்று பந்தோபஸ்து டியூட்டியில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் போன வெண்மதி, அந்தக் கதையைச் சொல்லித்தான் இதுநாள்வரை மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் வந்துபோகிறவர்கள் மூன்றே பேர். பிரசாந்த், போன வருடம் ஆரணியிலிருந்து வந்த வாட்ச்மேன் கன்னியப்பன், தினமும் விடியற்காலையில் கன்னியப்பனிடம் சாவி வாங்கிக் கூட்டிப் பெருக்கும் அம்மாக்கண்ணு. அவள் எழிலரசனின் தங்கை.

"நேத்து புதுசா ஏதாவது நடந்துச்சா?" என்று பிரசாந்திடம் கேட்டாள் வெண்மதி.

"சென்னையிலேர்ந்து ஒரு எழுத்தாளர் போன் பண்ணாரு மேடம். எழிலரசன் வாழ்க்கைய எழுதறாரு. அம்மா செத்த தேதி கேட்டாரு. நாளைக்கு வாங்க, பத்திரிகையிலயே இருக்குதுன்னு சொன்னேன்."

"அப்ப யாரு பக்கத்துல இருந்தாங்க?"

கன்னியப்பனும் அம்மாக்கண்ணுவும் இருந்ததாக அவன் சொன்னான்.

எதிர்ச்சுவரில் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் நறுக்கு தொங்கியது. வெண்மதி அதை இரண்டு முறை படித்தாள்.

11.30. பத்திரிகை அடித்த தாவூதின் அச்சகத்தில் பழைய மாதிரிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வள்ளியம்மாள் இறந்தது ஆகஸ்டு பத்தொன்பது.

12.40. சிங்கவரம். அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகைய நீங்கதான் எடுத்தீங்க," என்றாள் வெண்மதி.

அம்மாக்கண்ணு மறுக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டாள்.

வெண்மதி சொன்னாள். ஆகஸ்டு பதினொன்றாம் தேதியே எழிலரசன் பூமிக்கு இறங்கிவிட்டதாக அந்த ஆங்கில நறுக்கில் இருக்கிறது. தேதியை மறைக்க பிரசாந்த் நினைத்திருந்தால் அதையும் எடுத்திருப்பான். அவனுக்கு ஆங்கிலம் தெரியும். போன வருடம் வந்த கன்னியப்பனுக்கு அன்று நடந்தது தெரியாது. உண்மை தெரிந்தும் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் ஒருவர்தான்.

அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அம்மாவுக்கு முடியலன்னு போன் பண்ணேன். டில்லியில பாராட்டு விழா, அடுத்த வாரம் வரேன்னாரு அண்ணன். இன்னாடி, இன்னும் வரலியான்னு அம்மா கேட்டுகினே இருந்துச்சி. இன்னும் மேலதாம்மா இருக்காரு, எறங்கலன்னு சொன்னேன். அது வானத்தயே பாத்துகினு போய் சேந்துடுச்சி. எழவுக்கு வந்தவங்ககிட்டயும் அதயே சொன்னேன். ஊரு புடிச்சிக்கிச்சி."

இனி வெண்மதிக்குத் தேறுதலாக அந்தக் கதையும் இல்லை.

"பத்திரிகைய கொளுத்திட்டீங்களா?"

அம்மாக்கண்ணு உள்ளே போய் அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். அதன் மூலையில், தபால்தலை அளவில், வள்ளியம்மாளின் முகம்.

"கொளுத்தத்தான் எடுத்தேன். எங்கம்மா போட்டோ வேற எதுவும் இல்ல மேடம்."

"இது திரும்ப அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போயாகணும்," என்றாள் வெண்மதி. "முதல்ல டவுனுக்கு வாங்க. உங்க அம்மா முகத்த மட்டும் பெருசா ஒரு படம் எடுத்துடலாம்."